தங்கம் கண்டறியப்படவில்லை

சந்தேகம் இல்லாத மனிதர் எங்கள் கடைப் படியேறியதாக இதுவரை சரித்திரம் இல்லை.

மலேசியாவின் கிள்ளான் நகரில் நகைக்கடைகள் வரிசையாக இருக்கும் தெருவில், ஒரு துணிக்கடைக்கு மேல்மாடியில் இருக்கிறோம். நாங்கள் விற்பதும் இல்லை, வாங்குவதும் இல்லை. கொண்டுவருகிற பொருளில் என்னென்ன உலோகம் இருக்கிறது என்று சோதித்துச் சொல்வதுதான் தொழில். கையில் பிடிக்கிற துப்பாக்கி மாதிரி ஒரு மெஷின். பொருளின் மேல் வைத்து விசையை அழுத்தினால் எக்ஸ்ரே பாயும், உள்ளே இருக்கிற தனிமங்கள் ஒவ்வொன்றும் தன் அடையாளத்தைத் திருப்பி அனுப்பும், திரையில் பெயரும் விழுக்காடும் வந்துவிடும். மெஷினைப் பிடிப்பது நான். கணக்கு எழுதுவதும் போன் எடுப்பதும் தனலெட்சுமி. எங்கள் இருவரையும் சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்திருப்பவர் சீன முதலாளி லோ.

கவுண்டருக்குப் பின்னால் நின்று சம்பளம் வாங்குகிற எல்லோருக்கும் நான் சொல்லப்போவது புரியும். வாடிக்கையாளர் முதலில் பொருளைச் சந்தேகப்படுவார். பிறகு அதை விற்றவனை. பதில் பிடிக்காவிட்டால் மெஷினை. கடைசியில் உங்களை.

சுவரில் தொங்கும் விலைப்பட்டியல்

கடைக்கு ஒரு களை இருக்கட்டும் என்று லோ பெரிய தனிம அட்டவணை ஒன்றை வாங்கிச் சுவரில் மாட்டினார். கலர் கலராகக் கட்டங்கள், ஒவ்வொன்றிலும் ஓர் எழுத்து, கீழே அணு நிறை. பள்ளிக்கூடத்தில் வேதியியல் பாடத்தில் தூங்கினவர்கள்கூட இதைப் பார்த்தால் கொஞ்சம் மரியாதையாகப் பேசுவார்கள் என்பது அவர் கணக்கு.

முதல் வாரமே பழைய குழாய்களோடு வந்த லோரிக்கார அங்கிள் ஒருவர் அட்டவணை முன்னால் வெகுநேரம் நின்றார். தங்கம் எது, ஈயம் எது என்று கேட்டார். காட்டினேன். தங்கத்தின் கட்டத்தில் நூற்றுத் தொண்ணூற்றேழு, ஈயத்தின் கட்டத்தில் இருநூற்றேழு. அது விலை இல்லை அங்கிள், ஓர் அணு எவ்வளவு கனம் என்கிற கணக்கு என்று நான் விளக்க ஆரம்பிக்கும்போதே அவர் முகம் இருண்டுவிட்டது. போன மாதம் தன் லோரியின் பழைய ஈய பேட்டரிகளை ஒருவனுக்குத் தூக்கிக் கொடுத்திருக்கிறார். நான் எவ்வளவு சொல்லியும் காதில் ஏறவில்லை. படியிறங்கும்போது சொன்னார்: "அதான் அவன் அவ்ளோ சிரிச்சிக்கிட்டே ஏத்திக்கிட்டுப் போனான்."

சம்பந்தி வீட்டுச் சங்கிலி

கல்யாணம் முடிந்த மறுவாரமே ஓர் ஆன்டி, கைப்பையின் உள்ளறைக்குள் ஒரு பை, அதற்குள் ஒரு டப்பா, அதற்குள் டிஷ்யூ என்று பிரித்துப் பிரித்து ஒரு சங்கிலியை எடுத்தார். பெண் வீட்டார் மாப்பிள்ளைக்குப் போட்டது. மருமகள் வேலைக்குப் போயிருக்கிற நேரம் பார்த்து எடுத்து வந்திருக்கிறார். சம்பந்தி பேச்சு ரொம்ப இனிப்பாக இருக்கிறது, அப்படிப் பேசுகிறவர்கள் கொடுக்கிற நகையில் செம்பு அதிகம் இருக்கும் என்பது அவருடைய ஆராய்ச்சி.

வைத்துப் பார்த்தேன். தங்கம் தொண்ணூற்றொன்று புள்ளி ஆறு, மிச்சம் செம்பும் வெள்ளியும். சுத்தமான தொள்ளாயிரத்துப் பதினாறு. கொக்கியில் பார்க்கச் சொன்னார், பார்த்தேன். நடுவில் பார்க்கச் சொன்னார், பார்த்தேன். எங்கே வைத்தாலும் அதே பதில்தான். நல்ல சேதி சொல்லிவிட்டோம் என்ற நிம்மதியில் நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. டிஷ்யூ, டப்பா, பை என்று திரும்ப மடித்துக்கொண்டே சொன்னார்: "இதுல சரியாத்தான் இருக்காங்க. அப்ப வேற எதுலயோ ஏமாத்தியிருக்காங்க."

பாதரச லிங்கம்

பிரிக்பீல்ட்ஸில் இருந்து ரயிலேறி வந்தவர். கட்டியாக்கிய பாதரசத்தால் செய்தது என்று ஒரு சாமியாரிடம் சின்ன லிங்கம் வாங்கியிருந்தார். வீட்டில் வைத்ததிலிருந்து நல்லது ஒன்றும் நடக்கவில்லை என்பதால் சந்தேகம் வந்துவிட்டது. மெஷின் வெள்ளீயம் என்றது, ஈயம் என்றது, பாதரசம் என்று பேச்சுக்குக்கூடச் சொல்லவில்லை.

ஆறுதலாக இருக்கட்டும் என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். பாதரசம் நம் ஊர்ச் சூட்டில் தண்ணீர் மாதிரி ஓடுகிற உலோகம், சும்மா இருந்தாலே கண்ணுக்குத் தெரியாமல் ஆவியாகும், அதை மூச்சில் இழுத்தால் நரம்பைக் கெடுக்கும், பூட்டிய அறையில் அதை வைத்துக்கொண்டு தியானம் செய்யாமல் தப்பித்தீர்கள் அண்ணே, ஆனால் இதிலும் ஈயம் இருக்கிறது, இதன் மேல் பாலூற்றிக் குடித்துவிடாதீர்கள் என்றேன். அவர் லிங்கத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "விஷம்னு தெரிஞ்சுதான் தம்பி வாங்கினேன். விஷத்துலகூடவா கலப்படம்?"

சக்தி டாலர்

நேரடி விற்பனை செய்கிறவர் ஒருவர், கழுத்தில் கறுப்பாக ஒரு டாலர். போட்டால் முதுகுவலி போகும், தூக்கம் வரும், வியாபாரம் பெருகும். அவருக்குக் கீழே சேர்ந்தவர்கள் இது வெறும் மண்ணாங்கட்டி என்று பேச ஆரம்பித்துவிட்டார்களாம். அவர்கள் வாயை அடைக்க ஒரு ரிப்போர்ட் வேண்டும்.

திரையில் வந்த பெயரைப் பார்த்ததும் நான் இரண்டடி தள்ளி நின்றேன். தோரியம். அட்டவணையில் அடி வரிசையில், யுரேனியத்துக்கு இரண்டு கட்டம் முன்னால் இருப்பது. கதிர்வீச்சு உள்ள தனிமம். லோ ஓடிவந்து ஒரு பிஸ்கட் டின்னைத் திறந்து நீட்டினார். இதைக் கழுத்தில் போடாதீர்கள், பிள்ளைகள் பக்கத்தில் வைக்காதீர்கள், கதிர்வீச்சு சம்பந்தப்பட்ட அரசாங்க அலுவலகத்தில் கொடுத்துவிடுங்கள் என்று படித்துப் படித்துச் சொன்னேன். அந்த மனிதர் முகத்தில் வந்த பூரிப்பை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். தனலெட்சுமியிடம் திரும்பிச் சொன்னார்: "பாத்தீங்களா சிஸ்டர், உள்ள சக்தி இருக்குன்னு நான் சொன்னப்ப ஒருத்தனும் நம்பல."

தோல்

இது சிரிப்பதற்கு இல்லை. அம்பாங்கில் ஒருவர் மலிவாகக் கொடுத்தார் என்று ஓர் இளைஞன் சின்னத் தங்கக் கட்டி கொண்டுவந்தான். தராசில் எடை சரி. தண்ணீரில் முக்கிப் பார்த்தோம், அடர்த்தியும் சரி. மெஷினும் தங்கம் என்றது. அவன் கிளம்பத் தயாராகிவிட்டான். லோ மட்டும் அந்தக் கட்டியை மேசையில் தட்டித் தட்டி அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அவன் சம்மதத்தோடு துளை போட்டோம். மேலே மஞ்சள், உள்ளே சாம்பல். டங்ஸ்டன். அட்டவணையில் எழுபத்து நாலாவது கட்டம். மாப்பிள்ளைத் தோழன் மாதிரி தங்கத்துக்குக் கொஞ்சம் பக்கத்திலேயே நிற்கும். அடர்த்தி கிட்டத்தட்ட ஒன்றேதான், அதனால் தராசும் தண்ணீரும் ஏமாந்துபோகும். மேலே பூசின தங்கம் கொஞ்சம் தடிப்பாக இருந்தால் எங்கள் மெஷினும் ஏமாந்துபோகும். ஒரு விஷயத்தில்தான் இரண்டுக்கும் ஒட்டாது. தங்கம் உருகுகிற சூட்டில் டங்ஸ்டனுக்கு வியர்க்கக்கூடச் செய்யாது. உலோகங்களிலேயே உருகுவதற்கு அதிகச் சூடு கேட்பது அதுதான். இளைஞன் அந்தத் துளையை விரலால் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தான். லோ அவனுக்குக் குடிக்க ஒரு மைலோ வாங்கிக் கொடுத்துவிட்டு என்னிடம் அரைத் தமிழில் சொன்னார்: "மெஷின் தோல்தான் பாக்கும் லா. நெருப்புதான் உள்ள பாக்கும்."

செம்புக்கு மட்டும்

எங்கள் தனலெட்சுமி பூச்சோங்கில் ஓர் அம்மன் கோவிலுக்குப் பொருளாளர். சின்ன வயதில் கோலம் போடப் போனவள், இன்று கோவில் சாவி அவள் கையில். கும்பாபிஷேகத்துக்கு நாள் குறித்து, ஊர்வலத்துக்குப் புதிதாக ஓர் ஐம்பொன் உற்சவர் சிலை வார்க்க ஏற்பாடு நடந்தது. தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு கொட்டகை எடுத்து வேலை செய்துகொண்டிருந்த வேலாயுதம் ஸ்தபதியைத் தேடிப் பிடித்ததும் அவள்தான்.

வார்ப்புக்கு முன்னால் கோவில் தலைவர் செல்வராஜ் செம்புக் கட்டிகளோடு எங்கள் கடைக்கு வந்தார். பெரிய உடம்பு, பெரிய குரல், வலது கையில் நடுவே வேல் வைத்த பருமனான தங்கக் காப்பு. செம்பு விற்றவன் மேல் சந்தேகம், வெள்ளி கொடுத்தவன் மேல் சந்தேகம், ஸ்தபதி மேல் கொஞ்சம் கூடுதல் சந்தேகம். எல்லாவற்றையும் சோதித்தேன், எல்லாம் சரியாக இருந்தது. அந்தக் காப்பைத்தான் வார்ப்பு அன்று அம்மனுக்குக் கொடுக்கப்போவதாகச் சொன்னார். மெஷின் கையில் இருக்கிறதே, அதையும் வைத்துப் பார்த்துவிடலாமா என்று ஒரு பேச்சுக்குக் கேட்டேன். அவர் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். "இத எதுக்குத் தம்பி டெஸ்ட் பண்ணணும்? இது என்னோடது லா."

அம்மனிடம் இல்லாத தங்கம்

ஐம்பொன் வார்க்கும்போது பக்தர்கள் தங்கள் கையாலேயே தங்கத்தை மூசையில் போடுவது வழக்கம். மூசை என்றால் உலோகத்தை உருக்குகிற அந்தக் கனத்த பாத்திரம். பெண்கள் மூக்குத்தியும் கம்மல் திருகும் போட்டார்கள். தலைவர் காப்பைக் கழற்றி, எல்லோருடைய போனும் தன் பக்கம் திரும்புகிறவரை காத்திருந்து, பிறகு போட்டார். புகையும் சூடும் தாங்காமல் கூட்டம் விலகிப்போனது. மூசை பக்கத்தில் கடைசிவரை நின்றவர்கள் ஸ்தபதியும் தனலெட்சுமியும்தான்.

சிலை அழகாக வந்தது. கோவிலில் மாட்டுவதற்கு ஒரு ரிப்போர்ட் வேண்டும் என்று தலைவர் அம்மனை வேனில் ஏற்றி எங்கள் கடைக்கே கொண்டுவந்தார். நாலு பேர் சேர்ந்து மாடிக்குத் தூக்கினார்கள். பீடத்தில், முதுகில், பாதத்தில் என்று நான் மெஷினை வைக்க, செம்பு வந்தது, துத்தநாகம் வந்தது, வெள்ளீயம் வந்தது, கொஞ்சம் வெள்ளியும் வந்தது. தங்கம் என்ற இடத்தில் மட்டும் எங்கே வைத்தாலும் "கண்டறியப்படவில்லை". தலைவர் திரையைப் படம் எடுத்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அது கோவில் வாட்ஸ்அப் குழுவில் போய் விழுந்துவிட்டது.

நான் சொல்லத்தான் செய்தேன். கண்டறியப்படவில்லை என்றால் இல்லை என்று அர்த்தமில்லை, மூக்குத்தியும் திருகும் அவ்வளவு செம்பில் கரைந்தால் ஓர் அண்டா தே தாரிக் டீயில் ஒரு சிட்டிகைச் சீனி போட்ட மாதிரி, மெஷினுக்கு ருசி தெரியாது என்றேன். தலைவர் ஒரே கேள்வி கேட்டார். மூக்குத்தி சரி, என் காப்பு எங்கே? அந்தக் காப்பின் கனத்துக்கு மெஷின் கட்டாயம் காட்டியிருக்க வேண்டும். மெஷினை மறுபடி பீடத்தில் வைத்து அழுத்தினேன், அதே வரிதான் வந்தது. அன்றைக்குச் சாயந்தரமே தனலெட்சுமியைக் கூப்பிட்டுக் கோவில் சாவியை வாங்கிக்கொண்டார்கள். கும்பாபிஷேக வேலைக்கு வர வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார்கள். உருகுவதற்கு முன்னால் இடுக்கியால் எடுத்துவிட்டாள், ஸ்தபதியும் அவளும் பங்கு போட்டுக்கொண்டார்கள் என்று குழுவில் பேச்சு.

மறுநாள் அவள் வழக்கம்போல வேலைக்கு வந்தாள், பொட்டு மட்டும் இல்லை. ஸ்தபதிக்குப் போன் போட்டுப் பார்த்தாள், அவர் எடுக்கவே இல்லை. அவளுக்கு ஒரு டீ வாங்கி வைத்தேன், ஆனால் தொழில் புத்தி சும்மா இருக்கவில்லை. போட்ட தங்கம் சிலையில் இல்லை என்றால் வேறு எங்கோ இருக்கத்தானே வேண்டும்? நாற்காலியில் தொங்கிய அவளுடைய கைப்பை மேல் என் கண் ஒரு தடவை போய்விட்டு வந்தது. அவள் போனில் இருந்து தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்: "நீங்களுமாண்ணே? பையைத் திறந்தே வைக்கிறேன், நல்லாப் பாத்துக்குங்க."

குங்குமம் வைத்த வளையம்

அதற்குப் பிறகு என்னால் சும்மா உட்கார முடியவில்லை. கடைப் போனில் இருந்து ஸ்தபதியைக் கூப்பிட்டேன். புது நம்பர் என்பதால் எடுத்துவிட்டார். ரிப்போர்ட்டில் எழுத உலைச் சூடு எவ்வளவு என்று தெரிய வேண்டும் என்று ஒரு காரணத்தைச் சொன்னேன். அவர் சூட்டைச் சொல்லாமல் மெதுவாக, அம்மன் ஏற்றுக்கொள்ளாத பொருளை என்ன செய்வது என்று கேட்டார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நேரில் வரச் சொன்னேன்.

மோட்டார் சைக்கிளில் வந்து, மஞ்சள் துணி ஒன்றைக் கவுண்டரில் அவிழ்த்தார். உள்ளே செம்புச் சிட்டம் என்கிற உலைக்கசடு ஒட்டின ஒரு வளையம், அதன்மேல் குங்குமம். வார்த்து முடித்து மூசையைச் சுரண்டியபோது அடியில் கிடைத்ததாம். திரும்ப உலையில் போட்டு எவ்வளவு ஊதியும் உருகவில்லையாம். தங்கம் என்று போட்டது உருகாவிட்டால் அது தெய்வக் குற்றம் என்று மனிதர் நடுங்கிப்போயிருக்கிறார். வெளியே சொன்னால் சிலையை வேண்டாம் என்பார்கள், இந்த ஊரில் தன் பேரும் போய்விடும் என்று பூஜை அறையில் வைத்து விளக்கேற்றிக்கொண்டிருக்கிறார். திருட்டுப் பட்டம் தனலெட்சுமி மேல் விழுந்ததே அவருக்குத் தெரியாது. குழுவில் அவர் இல்லை.

சிட்டத்தை உரசிவிட்டு மெஷினை வைத்தேன். டங்ஸ்டன். எழுபத்து நாலாவது கட்டம். லோ எட்டிப் பார்த்துவிட்டு, தலைவருக்குப் போன் போட்டார்.

தலைவர் கமிட்டி ஆட்கள் இருவரோடு வந்தார். இது யார் மாற்றி வைத்த இரும்பு என்று குரலை உயர்த்தினார். நான் வளையத்தைத் திருப்பி வைத்தேன். நடுவில் வேல் அப்படியே இருந்தது. அவர் போனிலேயே இருந்த வீடியோவைப் போடச் சொன்னேன். நாதஸ்வர இசை சேர்த்து, அவர் கையாலேயே அதைப் போடுவது தெளிவாகத் தெரிந்தது. கமிட்டி ஆட்கள் திரையையும் வளையத்தையும் மாறி மாறிப் பார்த்தார்கள். மேலே பூசின மெல்லிய தங்கம் மட்டும் அம்மனிடம் போயிருக்கிறது, மிச்சத்தை நெருப்பு திருப்பிக் கொடுத்துவிட்டது என்று ஸ்தபதிக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னேன். ஸ்தபதி அப்படியே தரையில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

தலைவர் குரல் ஒரேயடியாக இறங்கிவிட்டது. அம்பாங்கில் பழகின ஆள் ஒருவரிடம் வாங்கியது என்றார். இவ்வளவு காலமாக அதைப் போட்டுக்கொண்டு ஊர் முழுக்கக் கையை ஆட்டியவர், இப்போது அந்தக் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். அவரைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. தனலெட்சுமியைப் பார்த்து, "நல்லாப் பழகினவன், தனம். அவன் மேல எனக்குச் சந்தேகமே வரல" என்றார்.

தனலெட்சுமி எழுந்து, கமிட்டி ஆள் ஒருவர் சட்டைப் பையில் தெரிந்த கோவில் சாவிக்காகக் கையை நீட்டினாள். அவர் எடுத்துக் கொடுத்ததும் முந்தானையில் முடிந்துகொண்டு, தலைவரை நேராகப் பார்த்துச் சொன்னாள்: "என் மேல உடனே வந்துச்சே, தலைவரே."

அன்றிலிருந்து எங்கள் கவுண்டருக்கு வருகிற யாராவது "இது என்னோடது, டெஸ்ட் வேணாம்" என்று சொன்னால், அதைத்தான் நான் முதலில் கேட்டு வாங்குகிறேன்.